நாலாம் நம்பர் கடையின் மேற்குச் சுவர்

யூனுஸ், தான் பழுதுபார்த்த தராசு உள்ள கடையில் எந்தச் சாமானும் வாங்க மாட்டார். கோட்டைமேட்டிலிருந்து உக்கடம் வரைக்கும் கறிக்கடை, காய்க்கடை, பழைய பேப்பர்க் கடை என்று முக்கால்வாசித் தராசுகள் அவர் கை பட்டவை. அதனால் அவருடைய மனைவி இஸ்மத் அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கக் குனியமுத்தூருக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.

"ஊரே உங்களை நம்பித் தராசைக் கொண்டாந்து குடுக்குது. நீங்க ஊருல ஒருத்தரையும் நம்பாம என்னைய பஸ்ஸுக்கு முடுக்கறீங்க" என்பார் இஸ்மத்.

"குடுக்கறவன் என்ன சொல்லிக் குடுக்கறான்னு உனக்குத் தெரியாது. 'கொஞ்சம் பாத்துச் செஞ்சு குடுங்க பாய்'ம்பான். எடையில அடிக்கச் சொல்ற அந்தக் கொஞ்சத்தை நான் செய்யமாட்டேன். செஞ்சு குடுக்க ஊருல வேற ஆளா இல்ல?"

ஐம்பத்தேழு வயதில் யூனுஸுக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தக் 'கொஞ்சம்' சொல்லிக்கொடுத்ததுதான். இருபத்தாறு வயதில் தாய்மாமாவிடமிருந்து கடையை எடுத்துக்கொண்டார். இரும்புத் தராசுகள் குறைந்து எலக்ட்ரானிக் தராசுகள் வந்தபோது, பீளமேட்டில் ஒரு மாதம் வகுப்புக்குப் போய் அதையும் கற்றுக்கொண்டார். அன்னூர், காரமடை, சோமனூர் என்று எங்கே தராசுகளுக்கு அரசு முத்திரை போடும் முகாம் நடந்தாலும் எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விடுவார். அதிகாரி போடும் முத்திரை தனி. அது போக, தான் திறந்து மூடிய ஒவ்வொரு தராசிலும் திருகின் தலையில் கம்பி கோத்து, ஒரு ஈய வில்லையைத் தொங்கவிட்டு, இடுக்கியால் நசுக்கி மூடுவது அவர் வழக்கம். அந்த இடுக்கியின் அச்சில் ஒரு சிறு பிசிறு உண்டு. ஈயத்தின் ஓரத்தில் அது கடுகளவு கீறலாக விழும். அது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஈயம் அறுந்திருந்தால் ஒரு கை அதைத் தொட்டிருக்கிறது என்று பொருள். எந்தக் கடைக்காரரும் 'தானா அறுந்துபோச்சு பாய்' என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு ஈயமும் தானாக அறுந்து யூனுஸ் பார்த்ததில்லை.

கடை இருந்தது பாலகோபால் பில்டிங்கில். பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில், 1928இல் ஒரு பஞ்சு வியாபாரி கட்டியது. வாசல் வளைவுக்கு மேல் சுண்ணாம்புக் காரையில் இரண்டு மயில்கள், நடுவில் வருடம். கீழே வரிசையாக நான்கு கடைகள், மேலே தேக்கு உத்தரம் போட்ட நீளமான கூடம். சுவர்கள் இரண்டடி கனம். யூனுஸுடையது நாலாவது கடை, மேற்கு ஓரம். மற்ற மூன்றும் பூட்டிக் கிடந்தன.

தராசு பழுதுபார்க்கும் லைசென்ஸில் அந்த முகவரிதான் இருந்தது. முகவரி போனால் லைசென்ஸ் நிற்காது. லைசென்ஸ் இல்லாமல் ஒரு திருகைக் கழற்றினாலும் குற்றம். டவுனுக்குள் இன்னொரு கடை அவருக்கு யார் கொடுப்பார்கள்? அந்தக் கதவு இருக்கும்வரைதான் தான் தராசுக்கார யூனுஸ் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முப்பது வருடம் அந்தக் கட்டடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய வீதிகளைப் புதுப்பிக்கிறோம் என்று நடைபாதைக்குக் கல் பதித்து, சித்திர வேலை செய்த விளக்குக் கம்பங்களை நட ஆரம்பித்த பிறகுதான் ஆளுக்கு ஒரு பக்கம் வந்து நின்றார்கள்.

முதலில் வந்தவர் கட்டட முதலாளி வீட்டு மேனேஜர் மயில்சாமி.

"கட்டடம் கண்டமாயிருச்சுங் பாய். ஒரு நாளைக்கு ஆரு தலைலயாச்சும் எறங்கறதுக்கு முன்னால நாமளே எறக்கிப்போடோணும். அஞ்சு மாடி, கீழ பார்க்கிங். பிளானெல்லாம் போட்டாச்சுங்."

"எனக்குங்?"

"உங்களை உட்டுப்போடுவமாங்? பாத்துக்கலாம்."

'பாத்து' என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் யூனுஸ் நம்பியதில்லை.

அடுத்து வந்தவர் ஹர்ஷிணி. கட்டடக் கலை படித்த இளம்பெண். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருபது முப்பது பேரைக் கூட்டிவந்து மயில்களைக் காட்டுவார். இந்த மாதிரி கட்டடத்தை இனி யாராலும் கட்ட முடியாது, இதை இடிக்க விடமாட்டோம் என்று அவர் சொன்னது யூனுஸுக்கு முதலில் இதமாகத்தான் இருந்தது. நான்கைந்து ஞாயிறுகள் யூனுஸ் தன் செலவில் எல்லாருக்கும் தண்ணீர் கேன்கூட வாங்கி வைத்தார். ஒருநாள் ஹர்ஷிணி ஒரு பெரிய படத்தை விரித்துக் காட்டினார். கட்டடம் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. கீழே நான்கு கடைகளும் ஒன்றாகி, வட்ட மேசைகளும் செடித் தொட்டிகளும் போட்டிருந்தன. மேற்கு ஓரத்தில் ஒருவர் கப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங் அம்மணி, இவரு ஒக்காந்திருக்கறது என்ற கடைங்களே?"

"சும்மா ஒரு ஐடியா அங்கிள். ஃபைனல் இல்ல. கீழ ஒரு கஃபே வந்தாத்தான் பராமரிப்புக்கு வழி இருக்கும்."

"இதுல என்ற தராசு எங்கீங் இருக்குது?"

ஹர்ஷிணி உற்சாகமாகப் படத்தில் ஒரு சுவரைத் தொட்டார். "உங்க பழைய தராசுகளை இங்க மாட்டலாம் அங்கிள். அவ்வளவு அழகா இருக்கும்!"

அன்றோடு தண்ணீர் கேன் நின்றது. இடிக்க வந்தவரும் தன்னை வெளியே போகச் சொல்கிறார், காப்பாற்ற வந்தவரும் வெளியே போகச் சொல்கிறார் என்று இஸ்மத்திடம் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்தே வேலை செய்கிறார்களோ என்று அவருக்கு ஒரு யோசனை. "ஆமா, உங்களைத் தொரத்தத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து டீ குடிக்கறாங்க" என்றார் இஸ்மத். யூனுஸ் அதையும் ஒரு தகவலாகவே மனதில் வைத்துக்கொண்டார்.

இடிப்பதா காப்பதா என்ற சண்டை, மாநகராட்சி அமைத்த ஒரு குழுவின் முன்னால் போய் நின்றது. கட்டடத்தைத் தொண்ணூறு நாள் கவனித்து, நிற்குமா விழுமா என்று ஒரு பொறியாளர் சொல்லட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்றது குழு. செப்டம்பர் முதல் வாரத்தில் அன்புக்கரசி வந்தார். ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவர். அதிகம் பேசாதவர். கட்டடம் முழுக்கச் சுற்றி விரிசல்களைப் பார்த்து, ஆறு இடங்களில் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிப் பட்டைகளை வைத்து, இரண்டு முனைகளையும் பிளாஸ்டர் மாவால் சுவரோடு ஒட்டினார். மாடியில் மூன்று, படிக்கட்டில் ஒன்று, யூனுஸ் கடையின் பின்னறையில் மேற்குச் சுவரில் இரண்டு.

"கண்ணாடி இழுபடாது, வளையாதுங்க. விரிசல் ஒரு நூல் அகண்டாலும் ஒடைஞ்சுரும். தொண்ணூறு நாளும் முழுசா இருந்துச்சுன்னா செவுரு அசையலைன்னு எழுதிருவேன். ஒடைஞ்சா உடனே எனக்குப் போன் பண்ணோணும். ஆரும் கை வெக்கக்கூடாது."

"தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க" என்றார் யூனுஸ்.

அன்புக்கரசி சிரித்துவிட்டு, கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு பட்டையிலும் தேதியையும் கையெழுத்தையும் போட்டார்.

அவர் சொன்னது அத்தனையும் யூனுஸ் காதில் விழுந்தது. ஆனால் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, தொடக்கூடாது என்று ஒட்டிய ஒரு பொருளை அவர் ஒரே விதமாகத்தான் பார்க்கப் பழகியிருந்தார். அது முத்திரை. முத்திரை முழுசாக இருந்தால் கட்டடம் நிற்கும், கடை நிற்கும். முத்திரையை உடைத்தால் யாருக்கு லாபம்? மயில்சாமிக்கு.

அக்டோபரில் மழை பிடித்தது. ஒன்பதாம் தேதி காலை பின்னறை விளக்கைப் போட்டபோது கீழ்ப்பட்டையின் நடுவே ஒரு மயிரிழைக் கோடு. விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு துண்டு. முந்தின நாள் மதியம் மயில்சாமி வந்து, கை கழுவ வேண்டும் என்று பின்னறைக் குழாய்க்குப் போனது உடனே நினைவு வந்தது. கை கழுவ அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று?

அன்புக்கரசிக்குப் போன் செய்யலாம். செய்தால் சுவர் அசைந்தது என்று எழுதுவார். மேனேஜர் உடைத்தார் என்று தராசு ரிப்பேர்காரர் சொன்னால் யார் கேட்பார்கள்? கையும் களவுமாகப் பிடிக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தார். உடைந்த துண்டுகளைக் கத்தி முனையால் பெயர்த்து எடுத்துக் காகிதத்தில் மடித்தார். மேலே எழுதினார்: 'அக்டோபர் 9, காலை 9.10. கீழ்ப்பட்டை. முந்தின நாள் உள்ளே வந்தவர்: மயில்சாமி, 2.20 முதல் 2.30 வரை.' போட்டோவுக்குச் சட்டம் போடும் கடையில் அதே அளவில் ஐந்தாறு கண்ணாடிகள் வெட்டி வாங்கிவந்து, ஒன்றைப் பிளாஸ்டர் மாவு வைத்து ஒட்டினார். தேதி போட்டார். கையெழுத்தும் போட்டார். கடுகளவு திருகைப் பிடித்துப் பழகிய கை. எழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை.

ஆறு நாள் கழித்து அன்புக்கரசி வந்தார். யூனுஸ்தான் டார்ச் பிடித்தார். இரண்டு பட்டைகளையும் நகத்தால் தட்டிப் பார்த்து, 'மாற்றம் இல்லை' என்று அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இருபத்திரண்டாம் தேதி அதே பட்டை மறுபடியும் உடைந்தது. இந்தத் தடவை யூனுஸுக்குக் குழப்பம். மயில்சாமி இரண்டு வாரமாக அந்தப் பக்கமே வரவில்லை. அப்படியானால் வேறு ஆளை அனுப்பியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹர்ஷிணியின் கூட்டத்தில் ஒருவர் பின்னறைக்குள் நுழைந்து சுவரோடு சாய்ந்து செல்ஃபி எடுத்திருந்தார். கட்டடத்தைக் காப்பாற்றுகிறவர்கள் எதற்கு உடைப்பார்கள்? கடையைக் காலி செய்யவைத்து, பிறகு சுவரைச் சரிசெய்து கஃபே வைக்க. ஒரு நிமிடத்தில் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே என்று அதன் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

மிச்சம் இருந்தது மாடியில் ராமாமணி. ஒன்பது பெண்களை வைத்துச் சட்டை தைத்துக் கொடுக்கும் தொழில். போன மாதம்தான் இரண்டு புது மெஷின் வாங்கியிருந்தார். புது மெஷினுக்கு ஏது வழி? முதலாளி வீட்டில் ஏதாவது பேசி முடித்துவிட்டார்களோ? யூனுஸ் படியேறிப் போனார்.

"ராமாமணியம்மா, ஞாயித்துக்கெழமை பின்னாடி தண்ணி புடிக்க ஆராச்சும் வந்தீங்ளா?"

"எங்க கொழாய்ல தண்ணி வாரப்போ உங்க கொழாய்க்கு எதுக்குங் வாரோம்?" ராமாமணி கத்தரியைக் கீழே வைத்தார். "என்னமோ பொடி வெச்சுப் பேசறீங்களே. என்னங் காணாமப் போச்சு?"

"காணாமல்லாம் போகலீங். சும்மா கேட்டேன்."

"நீங்க சும்மா கேக்கற ஆளா பாய்? ஏனுங் புள்ளைங்களா, பாயோட எடைக்கல்லை ஆராச்சும் எடுத்துத் தின்னுபோட்டீங்களா?"

ஒன்பது மெஷின்களும் நின்று ஒன்பது பேரும் சிரித்தார்கள். யூனுஸ் திரும்பியபோது பின்னாலிருந்து ராமாமணி, "மயில்சாமியைப் பாத்தீங்கன்னா சொல்லுங் பாய். மேக்கால ஜன்னல் சாத்தவே மாட்டேங்குது. மழைத்தண்ணி துணி மேல அடிக்குது. ரெண்டு வருசமாச் சொல்றேன், மாடித் தண்ணி பைப்பையும் பாக்க மாட்டேங்கறாரு" என்றார். ஜன்னலைப் பற்றி இப்போது எதற்குப் பேச்சை மாற்றுகிறார் என்று யோசித்துக்கொண்டே யூனுஸ் படி இறங்கினார்.

பழையபடி துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எழுதி, இன்னொரு கண்ணாடியை ஒட்டிக் கையெழுத்தும் போட்டார். அன்று மாலை பின்னறைக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். பூட்டுக்குச் சாவி எவனும் செய்வான். அதனால் நாதாங்கியில் கம்பி கோத்து, ஈய வில்லை தொங்கவிட்டு, இடுக்கியால் நசுக்கினார். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்தார். அன்புக்கரசி வந்தால் மட்டும் ஈயத்தை வெட்டுவது, அவர் போனதும் புதிதாக மூடுவது. "எதுக்குங்க இவ்வளவு பாதுகாப்பு?" என்று அவர் கேட்டபோது, "எலித் தொல்லைங்" என்றார். ஈயம் வைத்துப் பூட்டினால் எலி நிற்குமா என்று அன்புக்கரசி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காததும் யூனுஸுக்கு உறுத்தியது.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. பதினொன்றாம் தேதி காலை கடையைத் திறந்து, வழக்கம்போலப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஈயத்தைப் பார்த்தார். முழுசாக இருந்தது. கம்பியை வெட்டி, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டார்.

கீழ்ப்பட்டை இரண்டு துண்டு. மேல்பட்டையில் ஒரு பாதி சுவரில் நின்றது, மறுபாதி தரையில் கிடந்தது.

யூனுஸ் முதலில் கதவுக்குத்தான் திரும்பிப் போனார். வெட்டிய ஈயத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் கடுகளவு கீறல் இருந்தது. அவருடைய அச்சுதான். இடுக்கி இரவு முழுக்க அவர் வீட்டில், பீரோவுக்குள். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. உயரத்தில் ஒரு சாண் காற்றோட்டத் துவாரம், அதில் பழைய ஒட்டடை அறுபடாமல் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி அதையும் பார்த்தார். மயில்சாமி வரவில்லை. ஹர்ஷிணி வரவில்லை. ராமாமணி வரவில்லை. யாரும் வரவில்லை என்று அவருடைய சொந்த முத்திரை சொன்னது. அதைச் சந்தேகப்பட்டால் இந்த முப்பத்தோரு வருடமாக ஊரில் தான் மூடிய அத்தனை தராசுகளையும் சந்தேகப்பட வேண்டும்.

விரிசலில் சுண்டுவிரலை வைத்தார். நகம் முழுக்க உள்ளே போயிற்று. செப்டம்பரில் அதில் ஒரு காகித அட்டைகூட நுழைந்திருக்காது.

மேலே மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. விரிசலிலிருந்து செம்மண் பொடியாக உதிர்ந்து கையில் விழுந்தது.

ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். தொண்ணூறு நாள் முடிய இன்னும் மூன்று வாரம்தான். வெட்டி வைத்த கண்ணாடி நான்கு மிச்சம் இருந்தது, பிளாஸ்டர் மாவு டப்பாவில் இருந்தது. இரண்டை ஒட்டினால் அறிக்கை கட்டடத்துக்குச் சாதகமாகவே வரும். கடை எண் நான்கு கடை எண் நான்காகவே இருக்கும். கை பழக்கத்தில் மார்க்கரைக்கூட எடுத்துவிட்டது. 'கொஞ்சம் பாத்துச் செஞ்சு குடுங்க பாய்' என்று முப்பத்தோரு வருடமாகக் கேட்டவர்களில் ஒருவரும் இப்போது எதிரே இல்லை. யாரும் கேட்காமலே செய்து கொடுத்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. டார்ச் வேறு பிடித்திருக்கிறார்.

மார்க்கரை மூடிவிட்டு மாடிக்கு ஏறினார்.

"எல்லாரும் கீழ எறங்குங்க."

"ஏனுங்?" என்றார் ராமாமணி.

"செவுரு நகருது. எறங்குங்க மொதல்ல, பொறவு சொல்றேன்."

ராமாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மேனேஜரு உங்களையும் வளைச்சுப்போட்டாராங் பாய்? எவ்வளவுக்கு?"

யூனுஸுக்குக் கோபம் வந்தது. ஆனால் ராமாமணி இடத்தில் தான் இருந்தால் இதைத்தான் கேட்டிருப்போம் என்றும் தோன்றியது. மேற்கு ஜன்னலுக்குப் போய்க் கதவைத் தள்ளிக் காட்டினார். சாத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை. சட்டம் ஒரு பக்கம் நசுங்கி நின்றது. கை வேலையை விட்டுவிட்டு முதலில் எழுந்தது ஒரு சின்னப் பெண். பிறகு எல்லாரும் எழுந்தார்கள்.

யூனுஸ் போன் செய்ததும் அன்புக்கரசி ஒரு மணி நேரத்தில் வந்தார். யூனுஸ் எடைக்கல் பெட்டியைத் திறந்து, இரண்டு காகித மடிப்புகளையும் அன்றைய துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். நடந்ததைச் சொன்னதில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டு முடிக்கும்வரை அன்புக்கரசி நின்றுகொண்டே இருந்தார்.

"மேல ஒன்பது பேரு ஒக்காந்து வேலை செய்யறாங்க. தெரியுமில்லீங்களா?"

"தெரியுங்."

"தெரிஞ்சுமா?"

"கை ஒடைச்சுதுன்னு நெனச்சனுங். செவுரு ஒடைக்கும்னு நெனைக்கலீங்."

அன்புக்கரசி சுவரில் ஒட்டியிருந்த பாதிப் பட்டையையும் உடைந்த துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என்ற கையெழுத்தை என்னையவிட ஒழுங்காப் போட்டிருக்கீங்க" என்றார். அதில் சிரிப்பு இல்லை. பிறகு மடிப்புகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். தேதி, மணி, எந்தப் பட்டை, முந்தின நாள் வந்தவர்கள். போனை எடுத்து மழைக் கணக்கைத் தேடினார். மூன்று உடைப்பும் பெருமழைக்கு அடுத்த ஓரிரு நாளில். மற்ற நான்கு பட்டைகளிலும் கீறல்கூட இல்லை. குடையை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் மேற்குப் பக்கம் போனார். யூனுஸ் பின்னாலேயே போனார். குப்பைக்கும் செடிக்கும் பின்னால், மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் ஆளுயரத்தில் உடைந்து, தண்ணீர் நேராகச் சுவரின் அடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அடிமண் குழைந்து பள்ளமாகியிருந்தது.

தகவல் கேட்டு அதற்குள் மயில்சாமியும் வந்துவிட்டார்.

"இந்தப் பைப்பைப் பாக்கச் சொல்லி ரெண்டு வருசமாச் சொல்றனுங்" என்றார் ராமாமணி.

"முதலாளிகிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மணி. இடிக்கப் போற கட்டடத்துக்கு எதுக்குப் பைப்புன்னாரு. நான் என்னங் பண்ணட்டும்?"

அது அலட்சியமா, கணக்கா? யூனுஸ் மயில்சாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

அறிக்கை டிசம்பரில் வந்தது. மேற்கு ஓரம், அதாவது நாலாம் நம்பர் கடையும் அதன் மேலுள்ள கூடத்துப் பகுதியும், இறக்கப்பட வேண்டும். மயில்கள் உள்ள முகப்பும் மற்ற மூன்று கடைகளும் சீர்செய்து நிறுத்தலாம். "உங்க தேதியெல்லாம் இல்லாம, கடைசி நாள்ல இந்தச் செவுத்தை மட்டும் பாத்திருந்தா மொத்தக் கட்டடமும் ஆபத்துன்னுதான் எழுதியிருப்பேன்" என்றார் அன்புக்கரசி. "எப்ப, எதனால, எவ்வளவு நகந்துதுன்னு தெரிஞ்சதால பாதியை நிறுத்த முடிஞ்சுது. ஆனா நீங்க பண்ணினது பண்ணினதுதாங்க. அதையும் எழுதியிருக்கேன்."

"எழுதோணுங்" என்றார் யூனுஸ்.

இரண்டு பக்கமும் அவரைக் கைகழுவின. மொத்தக் கட்டடமும் நிற்கும் என்று நம்பியிருந்த ஹர்ஷிணியின் ஆட்கள், கடைசி நேரத்தில் யாரோ ஒருவரை முதலாளி வாங்கிவிட்டார் என்று எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். மொத்தமும் இடியும் என்று நம்பியிருந்த முதலாளி வீட்டில், பாயே கண்ணாடியை உடைத்து நாடகம் ஆடிப் பாதியைக் காப்பாற்றிவிட்டார் என்று பேசினார்கள். ராமாமணி மட்டும் தையல் மெஷின்களைச் செல்வபுரத்துக்கு மாற்றிய அன்று கீழே வந்து, "மெஷினு லோன்ல வாங்குனதுங் பாய். இனியாச்சும் நிம்மதியாத் தூங்குங்" என்றுவிட்டுப் போனார். யூனுஸ் அவரிடம் மெஷினைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. எப்படித் தெரிந்தது என்று இரண்டு நாள் யோசித்தார்.

"இப்ப ஊரு உங்களை நம்பாமப் போச்சு. எப்படி இருக்குதுங்க?" என்று இஸ்மத் கேட்டார்.

"நம்பாம இருக்கறதுதான் நல்லது" என்றார் யூனுஸ். ஆனாலும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சாமான்களை மச்சான் வீட்டு முன்னறையில் இறக்கினார்கள். லைசென்ஸில் முகவரி மாற்ற மனு கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை. வரும்வரை தராசைத் தொடக்கூடாது. அன்னூரிலிருந்து ஒரு வெங்காய வியாபாரி தேடிக் கண்டுபிடித்து வந்தபோது, மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினார். சும்மா இருக்கப் பழக்கமில்லாதவருக்குக் காலை பத்து மணிக்கு மேல் பொழுது நகரவில்லை. அதனால் ஜனவரியில் மேற்குப் பகுதியை இறக்க ஆரம்பித்தபோது தினமும் போய் எதிர்ச் சாரியில் நின்றார்.

முகப்பு அசையாமல் இருக்க மேலிருந்து கையாலேயே பிரித்தார்கள். நான்காம் நாள் பின்னறைச் சுவர் திறந்தது. இரண்டடி கனம் என்று அவர் நம்பியிருந்தது, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு வரிசைச் செங்கல்தான். நடுவில் இருந்த மண்ணெல்லாம் தண்ணீரில் கரைந்து இறங்கிவிட்டிருந்தது. ஒரு ஆள் உள்ளே கையை விட்டான். தோள் வரைக்கும் போயிற்று.

மயில்சாமி தெருவைக் கடந்து வந்து பக்கத்தில் நின்றார். "இப்பவாச்சும் நம்பறீங்களா பாய், நாங்க ஆரும் ஒடைக்கலைன்னு?"

"செவுத்தை நம்பறனுங்."

"அட, எங்களை நம்பாட்டிப் போகுது. முதலாளி கையெழுத்துப் போட்ட லெட்டரையாச்சும் நம்புவீங்களா?"

சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். குழு சொன்னபடி மேற்குப் பகுதியைத் திரும்பக் கட்டும்போது கடை எண் நான்கு யூனுஸுக்கே கொடுக்கப்படும், பத்துக்குப் பதினெட்டு அடி என்று இருந்தது. ஹர்ஷிணியின் கையெழுத்தும் சாட்சியாகக் கீழே இருந்தது. அந்தப் பெண் எதற்காகப் போட்டார் என்பதை யூனுஸ் அப்புறம் யோசித்துக்கொள்வதாக இருந்தார். ஒரு தடவை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். செங்கல் தூசியில் கண் கரித்தது. மூன்றாவது தடவை படித்துவிட்டு, காகிதத்தைப் பைக்குள் வைக்காமல் மயில்சாமியிடமே திருப்பி நீட்டினார்.

"பத்தடின்னு போட்டிருக்குதுங். உள்ளளவா, வெளியளவான்னு எழுதலைங்களே?"

மயில்சாமி அவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு பேனாவைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார்.